புதன்கிழமை பஸ்ஸில் போகும் தக்காளி

ஜூன் 12, புதன்

இந்த வருடத்தின் முதல் தக்காளி ட்ரே இன்று பஸ் ஏறியது. கொல்லையில் இன்னும் பழுக்கவில்லை, கடையில்தான் வாங்கினேன். தோல் தடிப்பு, உள்ளே வெறும் தண்ணீர். பரவாயில்லை, பழத்துக்கொரு சிட்டிகை சர்க்கரை போட்டால் அடங்கிவிடும். கரண்டியால் குடைந்து, சதையைத் துருவி, வெங்காயம், புதினா, அரிசி, கை நடுங்காமல் ஆலிவ் எண்ணெய், எல்லாம் கலந்து மறுபடி பழத்துக்குள். இடுக்குகளில் உருளைக்கிழங்கு. அறுத்த மூடியைத் திரும்ப அதனதன் தலையில் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் பொருந்தாது.

இந்த வெயிலில் வீட்டு அடுப்பைப் பற்றவைக்க எனக்கென்ன பைத்தியமா? தெருவே செய்வதுபோல் பந்தெலிஸின் ரொட்டி அடுப்பில் கொடுத்து வாங்கினேன். டப்பாவில் அடுக்கி, துணியால் கட்டி, மேலே என் மகன் ஆர்கிரிஸின் பெயரை எழுதி, புதன்தோறும் செய்வதுபோல், டிரைவர் லினார்தோஸிடம் ஒப்படைத்தேன்.

"அக்கா, ஏதென்ஸ் போய்ச் சேர்றவரைக்கும் வண்டி முழுக்க உங்க வீட்டு வாசனைதான். எனக்குப் பசிக்குது."

"மூடியைத் திறந்த, கையை ஒடிச்சிடுவேன்" என்றேன்.

எனக்கு ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. ஒருத்திக்காக யார் தட்டு போட்டு உட்காருவது? ரொட்டியும் ஆலிவும், நின்றபடியே.

ஜூன் 16, ஞாயிறு

ஆர்கிரிஸ் போன் செய்தான். "பிரமாதம்மா, வழிச்சு வழிச்சு சாப்பிட்டேன்." போன டப்பாவும் திரும்பி வந்துவிட்டது. எப்படிக் கழுவியிருக்கிறான்! மூடியின் ரப்பர் இடுக்கில்கூட எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. குடித்த கிளாஸைக் கட்டிலடியில் விடுகிற பயல். முப்பது வயதில் பொறுப்பு வந்திருக்கிறது என்று எனக்குக் கர்வமாக இருந்தது.

ஆகஸ்ட் பதினைந்துக்கு, மாதா திருநாளுக்கு, வருவாயா என்றேன். "பார்க்கலாம்மா, வேலை எப்படியோ." ஈஸ்டருக்கும் இதையேதான் சொன்னான்.

பிப்ரவரிக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 27

வெயில். யாரோடும் பேசவில்லை. பூனையைத் திட்டினேன், அதுவும் போய்விட்டது.

ஜூலை 3, புதன்

ரொட்டிக்கடையில் ஒரே கூட்டம். விடுமுறைக்காரர்கள் வந்துவிட்டார்கள், ஊரில் இருக்கிற ட்ரேக்கள் எல்லாம் பந்தெலிஸின் அடுப்பில்தான். பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அவன் நீட்டியதை வாங்கி, அங்கேயே மேசைமேல் வைத்து டப்பாவில் அடுக்கி ஓடினேன். மூச்சு வாங்கியது. லினார்தோஸ் சிரித்தான்.

ஜூலை 4, வியாழன்

காலையில் மருந்துக்கடைக்காரர் மனைவி லூக்கியா வாசலில் வந்து நின்றாள், கையில் என் ட்ரே.

"பொலிக்சேனி, என் விருந்தாளிங்க முன்னாடி என் மானமே போச்சு. காஞ்ச திராட்சையும் இல்ல, பைன் கொட்டையும் இல்ல. இது என்ன சமையல்?"

"திருப்பிக் கொண்டு வந்திருக்கியே, உள்ள என்ன மிச்சம்?"

"...ஒண்ணும் இல்ல."

"பின்ன என்ன கச்சேரி?"

பந்தெலிஸ் ட்ரேயை மாற்றிக் கொடுத்திருக்கிறான். எல்லார் வீட்டிலும் அதே அலுமினிய ட்ரே, மேலே அதே தக்காளி மூடி. அவசரத்தில் யார் திறந்து பார்ப்பது? லூக்கியாவைச் சமாளித்து அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பிள்ளைக்குத் திராட்சை போட்ட சோறு போயிருக்கிறது.

அவனுக்கு அது ஆகாது. ஆகாது என்றால் வெறும் நாக்கு விஷயம் இல்லை. என் புருஷன் ஸ்த்ராதிஸ் கப்பலிலேயே இறந்து, நாற்பதாம் நாள் கோவிலில் வேகவைத்த கோதுமையைப் பங்கிட்டபோது ஆர்கிரிஸுக்கு ஏழு வயது. சர்க்கரை, மாதுளை, திராட்சை எல்லாம் கலந்த நினைவுக் கோதுமை. "அப்பாவுக்காகச் சாப்பிடு" என்று யாரோ அவன் கையில் திணித்தார்கள். கோதுமையை மென்றான். திராட்சையை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அன்றிலிருந்து என் வீட்டுச் சோற்றில் திராட்சை கிடையாது. நானும் தொடுவதில்லை.

கோபமாகப் போன் செய்வான். செய்யட்டும், நடந்ததைச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 7, ஞாயிறு

"இந்த வாரம் எப்படிடா இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தாம்மா. பிரமாதம்."

"வித்தியாசமா ஒண்ணும் தெரியலையா?"

"இல்லையே. ஏன், உப்பு அதிகமா போட்டுட்டியா?"

 போனை வைத்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவன் சாப்பிடவில்லை. அப்படியென்றால் சாப்பிட்டது யார்? இத்தனை மாதமாக யாருக்கு நான் சமைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்?

ஜூலை 8

ஒருவேளை அந்த வாரம் வெளியே சாப்பிட்டிருப்பான். நண்பனுக்குக் கொடுத்திருப்பான். ஒரு பெண்ணாக இருக்கலாம் — இருந்தால் நல்லதுதானே? அதற்கு ஏன் பொய்?

ஜூலை 10, புதன்

லினார்தோஸிடம் கேட்டேன், அங்கே டப்பாவை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்று.

"ஒரு வயசான அம்மாக்கா. கறுப்புக் கண்ணாடி போட்டு, சக்கரம் வெச்ச பையை இழுத்துட்டு வருவாங்க. பஸ் லேட்டானா என்னைத் திட்டுவாங்க. உங்க சொந்தம்னு நெனச்சேனே."

"ஆர்கிரிஸ் வர்றதில்லையா?"

அவன் முகம் மாறியது. "குளிர்காலத்துல வந்தான்... அப்புறம் நான் பார்க்கலக்கா."

டப்பாவை அவனிடம் கொடுக்கவில்லை. வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். மேசைமேல் இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

அவன் வாடகைக்குப் போனபோது வீட்டுக்காரம்மா நம்பரை வாங்கி வைத்திருந்தேன். அழைத்தேன்.

"யாரு?"

"ஆர்கிரிஸோட அம்மா."

அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு. "என்னிக்காவது கூப்பிடுவீங்கன்னு தெரியும். நேத்து டப்பா வரலைன்னதுமே நெனச்சேன்."

பெயர் எவ்தோக்கியா. என்னைவிடப் பத்து வயதாவது பெரியவள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். ஆர்கிரிஸ் பிப்ரவரியிலேயே வெளிநாட்டுக்கு, ரோட்டர்டாமுக்கு, வேலைக்குப் போய்விட்டானாம், துறைமுகத்தில் குளிரூட்டிய சரக்குப் பெட்டிகளைப் பழுதுபார்க்க. "அம்மா அனுப்பறதை வாங்கிச் சாப்பிடுங்க, டப்பாவைக் கழுவி அனுப்பிடுங்க, கொஞ்ச நாள்ல நானே சொல்லிடறேன்" என்று கெஞ்சினானாம்.

"நீங்களும் சரின்னுட்டீங்க."

"சரின்னேன். தப்புதான். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எனக்குச் சமைச்சுப் போட ஆளில்ல. புதன்கிழமை வந்தா காலைலயே தலை வாரிட்டு உட்கார்ந்திருப்பேன்."

வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். திருடி என்றேன். குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா போன வாரம்தான் முதல்தடவையா ஒழுங்கா செஞ்சிருந்தீங்க. திராட்சை, பைன் கொட்டை எல்லாம் போட்டு. எங்கம்மா ஸ்மிர்னா ஊர்க்காரி, எங்க வீட்டுல அப்படித்தான்" என்றாள்.

போனை அறைந்து வைத்தேன்.

பிறகு அழுதேன். முட்டாள்தனமாக, மூக்கு ஒழுக. அப்பனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் ஜன்னலில் நின்றேன்டா நான். நீயும் தூரமா போனா செத்துடுவேன்னு சொன்னேன். சொன்னேன்தான். அதுக்காக இப்படியா? செத்துட்டேனா பாரு — உட்கார்ந்து எழுதிட்டுத்தானே இருக்கேன்!

நேற்றைய டப்பா மேசைமேல் புளித்துவிட்டது. கோழிகளுக்குப் போட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லக்கூடாது என எவ்தோக்கியாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் வாயாலேயே வரட்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். அவனாகச் சொன்னால் அவன் இன்னும் என் பிள்ளை. சொல்லாவிட்டால்... தெரியவில்லை.

சாயங்காலம் அழைத்தான். ஏதென்ஸில் வெயில் கொளுத்துகிறது என்றான். அவன் பின்னால் மழை கொட்டுகிற சத்தம்.

ஜூலை 21, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை. "ரெண்டு வாரமா தக்காளி வரலையேம்மா, உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டான். எவ்தோக்கியா சொல்லித்தான் தெரிந்திருக்கும், ஆனாலும் அக்கறையாகத்தான் கேட்டான். அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 24, புதன்

லினார்தோஸ் வாசலுக்கே வந்து ஒரு டப்பாவைக் கொடுத்தான். என் டப்பாதான், எவ்தோக்கியாவிடம் தங்கிப் போனது. காலியாக இல்லை. ஒவ்வொரு வெங்காயத்தையும் வேகவைத்து, இதழிதழாகப் பிரித்து, அரிசியை உள்ளே வைத்துச் சுருட்டியிருந்தாள். எவ்வளவு வேலை. அந்த வயதில், கறுப்புக் கண்ணாடி போடுகிற அந்தக் கண்ணோடு.

திராட்சையும் இருந்தது.

ஒன்றை எடுத்து, திராட்சையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன். எண்ணெய் போதாது. எலுமிச்சை அதிகம். ஆனால் வேறொருவர் எனக்காகச் சமைத்து நான் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

ஜூலை 25

போன் செய்து சொன்னேன்: "எண்ணெய் பத்தாது."

"டாக்டர் குறைக்கச் சொன்னார்."

"டாக்டருக்கா சமைச்சீங்க?"

சிரித்தாள். இருமல் கலந்த சிரிப்பு. பிறகு அரிசியைப் பற்றிச் சண்டை போட்டோம். அவள் முதலில் பாதி வேகவைப்பாளாம். பாதி வெந்த அரிசி தக்காளியின் சாற்றை எப்படிக் குடிக்கும்? கஞ்சியாகும் என்றேன். என்னுடையது பல்லில் கடிபடுகிறது என்றாள். இத்தனை மாதம் ஓசியில் தின்றபோது பல் எங்கே போயிருந்தது என்றேன். தொண்டை வறண்ட பிறகுதான் வைத்தேன்.

ஜூலை 31, புதன்

அவளுக்கு அனுப்பினேன். திராட்சை போடாமல். அவ்வளவு சுலபமாக ஜெயிக்க விடமாட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

"பதினைஞ்சுக்கு வரமுடியாதும்மா, லீவு கிடைக்கல." சொன்ன பிறகும் போனை வைக்காமல் இழுத்தான். ஒரு கணம் இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்து, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "சரிம்மா, வெச்சுடறேன்" என்றான்.

ஏதென்ஸில் பதினைந்தாம் தேதி எவன் கடை திறக்கிறான்? பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிகிறதா இவனுக்கு? அப்பன் மாதிரிதான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா திருநாள். விடிந்ததிலிருந்து மணி. ஊர் முழுக்கப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கார்கள். கோவிலில் எல்லாரும் "ஆர்கிரிஸ் வரலையா?" என்றார்கள். வேலை என்றேன். "இன்னிக்கா?" என்றாள் லூக்கியா. மெழுகுவர்த்தி ஏற்றப் போய்விட்டேன்.

வீடு திரும்பியதும் போன் அடித்தது. வாழ்த்துச் சொன்னான். நம் கோவில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, ஜன்னலும் திறந்திருந்தது.

"மணிச் சத்தம் கேக்குதும்மா" என்றான்.

"ஆமாடா. அங்க அடிக்கலையா?"

அவன் பின்னால் ஏதோ இயந்திரம் கரகரவென்று ஓடியது. ஒருவன் என்ன மொழியோ, சத்தம் போட்டுக் கூப்பிட்டான். நான் உதவி செய்யவில்லை. கேள்வியை அப்படியே விட்டுவிட்டு நின்றேன். 

"இல்லம்மா" என்றான். "இங்க அடிக்காது. இங்க... இன்னிக்கு வேலை நாள்மா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். தடுக்கித் தடுக்கி. நடுவில் அழுதான். "செத்துடுவேன்னு சொன்னியேம்மா. அப்பா போனதுக்கப்புறம் நீ நின்ன ஜன்னல் எனக்கு ஞாபகம் இருக்கு. அங்க திரும்பவும் உன்னை நிக்க வைக்க எனக்குத் தைரியம் இல்ல."

வைவதற்கு ஒரு மாதமாக வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். 

"என்னடா சாப்பிடறே அங்க?" என்று கேட்டேன்.

"ரொட்டி. சீஸ்."

"நின்னுட்டேவா?"

"...உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அவன் ரோட்டர்டாம் சமையலறையிலிருந்து அழைத்தான். தக்காளி குடைகிறானாம். மூன்று தக்காளிக்கு அடியில் ஓட்டை. "கரண்டியா பிடிச்சிருக்க, கடப்பாரையா?" என்று கத்தினேன். அரிசியை முதலில் வேகவைக்க வேண்டுமா என்று கேட்டான். எவ்தோக்கியா அத்தை அப்படித்தான் சொன்னாளாம்! இரண்டு பேரையும் ஒரே மூச்சில் வைதேன்.

கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான். வந்தால்தான் நிஜம். ஜன்னல் பக்கம் இருந்த நாற்காலியை எடுத்துச் சாப்பாட்டு மேசைக்குப் போட்டேன்.

போனை வைத்த பிறகு வீடு முன்னைப் போலவே அமைதி. அது ஒன்றும் மாறவில்லை. பொய் மட்டும் இல்லை.

செப்டம்பர் 11, புதன்

தக்காளி முடியப்போகிறது. கொல்லையில் கடைசி கூடை.

லூக்கியாவிடம் போய் ஒரு பிடி திராட்சையும் கொஞ்சம் பைன் கொட்டையும் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வாயைத் திறக்காதே" என்றேன். திறக்கவில்லை, அதற்காகவே அவளை மன்னித்தேன்.

எவ்தோக்கியாவுக்குப் போவதில் திராட்சை போட்டேன். அரிசியை மட்டும் பச்சையாகத்தான் போட்டேன், அதில் சமரசம் இல்லை.

பந்தெலிஸ் இப்போதெல்லாம் என் ட்ரேயின் ஓரத்தில் சாக்கட்டியால் பெயர் எழுதுகிறான். இன்று இரண்டு ட்ரே நீட்டினேன்.

"பெரிசு ஏதென்ஸுக்கு, தெரியும். சின்னதுல யார் பேரை எழுதக்கா?"

"என் பேரை எழுது" என்றேன்.