கருப்பிக்குக் காது கேட்டது

மீஞ்சூர்
12-9-71

அன்பு மகள் குணசுந்தரிக்கு,

இங்கே நான், உன் நைனா, அத்தை, உன் கோழி கருப்பி, அவள் குஞ்சுகள் ஒன்பது, எல்லாரும் சுகம். கோயம்புத்தூர்க் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுது. கருப்பியை ஏன் சேர்த்தேன் என்றால், இன்று மதியம் குழம்பாகியிருக்க வேண்டியவள் அவள். குஞ்சு பொரித்த நாளிலிருந்தே அவள் போக்கு சரியில்லை. நொய் போட்டால் ஓடி வருவாள், ஆனால் காலடியில் குஞ்சு கத்தினாலும் மிதித்தபடியே நிற்பாள், இரண்டு செத்துப்போயின. சின்னப்பொண்ணு அத்தை, "இன்னா அண்ணி, சொந்தக் குஞ்ச மிதிச்சுக் கொல்றத வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற, புரட்டாசி பொறந்துட்டா கவுச்சி கெடையாது, ஞாயித்துக்கெழமையே அறுத்துடு" என்றாள். நைனாவும் தலையாட்டிவிட்டார்.

காலையில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தபோதுதான் உன் போன கடிதம் நினைவுக்கு வந்தது. பறவைக்குக் காதுமடல் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இறகு மூடிய துளை, உள்ளே சவ்வு, நமக்கு மூன்று எலும்பு இருக்கிற இடத்தில் அதற்கு ஒரே குச்சி எலும்பு, அதற்கும் உள்ளே நமக்கு நத்தை ஓடாய்ச் சுருண்டிருப்பது அதற்கு வாழைப்பழம் போல லேசாக வளைந்திருக்கும் என்று படம் போட்டிருந்தாயே. அம்மியை விட்டு எழுந்து கருப்பியைப் பிடித்து இறகை விலக்கினேன். துளை இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும், காய்ந்த மஞ்சள் கட்டி! அடை வைக்குமுன் பேனுக்காக வேப்பெண்ணெயும் மஞ்சளும் சாம்பலும் குழைத்துத் தலை நிறைய அப்பியவள் நான்தான். லைப்ரரியில் அத்தனை புத்தகம் படித்தும், கோழிக்கு அங்கே காது என்று முப்பத்தைந்து வயதுவரை நினைத்ததில்லை. நல்லெண்ணெய் தொட்டு ஊறவைத்து, சவ்வில் பட்டுவிடாதபடி துணித்திரியால் மேலாக எடுத்தேன். அதற்குள் நைனா கத்தியோடு வந்துவிட்டார். ஒரே நிமிஷம் என்று சொல்லி, ஒரு குஞ்சை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், அவள் கண்ணில் படாதபடி, கூடை போட்டுக் கவிழ்த்தேன். அது கீச்சென்றது. கருப்பி கழுத்தைச் சாய்த்தாள். அடுத்த நொடி இறக்கையை விரித்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஓடி, கூடையைக் கொத்தித் தள்ளினாள் பார், நான் கூரை ஏறிக் கூவாததுதான் குறை! நைனா கத்தியைக் கூரையில் செருகிவிட்டு, "அரைச்ச மசாலாவுல கத்திரிக்காவப் போடு" என்று சொல்லிப் போய்விட்டார்.

அத்தையோ, தான் நேற்று உப்பு சுற்றிப் போட்டதால்தான் திஷ்டி கழிந்தது என்று தெருவெல்லாம் சொல்லிவருகிறாள். சொல்லட்டும். நீ போட்ட காதுப் படத்தை என் புடவைப் பெட்டியில் அடியில் வைத்திருக்கிறேன். நீ நோய்நொடி இல்லாமல், ஆசைப்பட்டதையெல்லாம் படித்து முடிக்க வேண்டும். வெந்நீர் குடி. இந்தக் கடிதத்தை ஹாஸ்டலில் யாரிடமும் காட்டாதே, லீவுக்கு வரும்போது அத்தையிடமும் வாய் திறக்காதே, மஞ்சள் அப்பியது யார் என்று உனக்கும் எனக்கும் கருப்பிக்கும் தெரிந்தால் போதும்.

உன் அம்மா,
பச்சையம்மா