கொட்டாரம் பார்க்கப் போன மாப்பிள்ளை

7-6-51, வியாழன்

விடாத மழை. தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடை. முழங்கால் வரை சேறு.

மனைவி கௌரியைக் கூட்டிப் போக வந்திருக்கிறேன். திங்கள் பள்ளிக்கூடம் திறப்பு. வாத்தியார் முதல் நாளே லீவு போட முடியாது. அதற்குள் நாகர்கோவிலில் குடித்தனம் வைத்தாக வேண்டும். வடசேரியில் வீடு பார்த்தாயிற்று. இரண்டு அறை, ஒழுகாத ஓடு. இவள் பிறந்ததோ கொட்டாரம், சின்ன அரண்மனை. ராஜாக்கள் கட்டியது, இவள் குடும்பம் இன்னும் குடியிருக்கிறது. மருமக்கள்வழி. பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளை வந்து போவான். இரண்டு வருஷமாக வந்து போய்க்கொண்டிருக்கிறேன். என்ன பிழைப்பு.

கௌரி படியிறங்க அவள் தாய்மாமா வெற்றிலை கொடுத்து விடை தரவேண்டும். எல்லோருக்கும் அவர் அம்மாவன். நான் வாய் திறந்து கேட்கவேண்டும்.

அம்மாவனிடம் மழையைப் பற்றிப் பேசினேன்.

8-6-51, வெள்ளி

மழை விட்டு விட்டு. முன்கட்டில் எனக்கு ஓர் அறை. பெரிய இலை, நாலு கறி, ஏத்தங்காய் உப்பேரி. தனியாகச் சாப்பாடு, சாமிக்குப் படைத்தது போல. பகலில் கௌரி கண்ணில் படமாட்டாள். விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். மாப்பிள்ளை உள்கட்டுக்குப் போகிற வழக்கமில்லை.

செய்ய வேண்டியவை: குடைக்கம்பி. வடசேரி வீட்டுக்குப் பூட்டு. அம்மாவனிடம் கேட்பது.

காலையில் போனேன், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம், உறக்கம். சாயங்காலம் சிக்கினார். "என்ன பிள்ளே, சொகந்தானா?" என்றார். "சொகந்தான்" என்று திரும்பிவிட்டேன். வகுப்பில் கூரை பறக்கக் கத்துகிற வாய் இது. தூ.

விளக்கு வைத்ததும் கௌரி. "கேட்டியளா?"

"நாளைக்கி."

"நேத்தும் நாளைக்கின்னுதான் சொன்னிய."

 எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். ஜன்னல் தாழ்ப்பாள் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

9-6-51, சனி

வெயில். பத்மநாபபுரம் அரண்மனை பார்த்த கையோடு மதுரைக்காரர்கள் சிலர் இங்கேயும் வந்தார்கள். யாராவது கொட்டாரம் பார்க்க வந்தால் போதும், அம்மாவனுக்குப் பத்து வயசு குறைந்துவிடும். தூண், மச்சு, பழைய வாள் எல்லாம் அவரே காட்டினார். அப்படியே உள்கட்டுக்கும் கூட்டிப் போனார். எவனோ ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடக்கிறான். புடவை கொடுத்துக் கட்டிய நான் வாசலில்.  கூட்டத்தோடு கூட்டமாக நானும் நுழைந்தேன்.

உள்முற்றத்தில் கௌரி பலாச்சுளை அரிந்துகொண்டிருந்தாள். பகல் வெளிச்சத்தில் அவளை நான் சரியாகப் பார்த்ததில்லை. காதுக்குக் கீழே ஒரு மச்சம். இத்தனை நாள் தெரியாது.

மதுரைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பியும் சுத்திப் பாக்க வந்தீகளா?"

அம்மாவன் திரும்பினார். வழக்கம் மீறி உள்ளே நிற்கிறேன். பயத்தில் நாக்கு புரண்டுவிட்டது. "ஆமா, பாக்கத்தான் வந்தேன்."

கௌரியின் கை நின்றது. நிமிரவில்லை.

விளக்கு வைத்தார்கள். அவள் வரவில்லை.  செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

10-6-51, ஞாயிறு

மறுபடி மழை. காப்பி வருமுன் அம்மாவன் முன்னால் போய் நின்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "நான் எப்பளோ விடை குடுத்தாச்சு. போன மாசம் அவளே வந்து கேட்டா. ஒம்மகிட்டச் சொல்லப்பிடாதுன்னுட்டா. அவரு வாயால கேக்கட்டும் அம்மாவான்னா."

"அப்பம் இண்ணைக்கே..."

"பெட்டியும் கெட்டி வச்சிருந்தா. நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் திரும்ப அலமாரியில வச்சாச்சு. இனி நான் சொன்னாக் கேக்கமாட்டா. நீரே போயிக் கேளும்."

உள்கட்டுப் பக்கம் கை காட்டினார். போனேன். யாரும் தடுக்கவில்லை.

கட்டிலில் கௌரி. கீழே காலிப் பெட்டி, திறந்தபடி.

"புத்தியில்லாமச் சொல்லிட்டேன். நீ இல்லாம அந்த வீட்டுல நான் என்ன செய்ய? வா." இவ்வளவுதான் வந்தது. 

காலிப் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். பிறகு அலமாரியைக் காட்டினாள். "எடுத்து வையுங்க. உச்சைக்கு மேல ரெண்டு மணிக்குத்தான் பஸ்."

எடுத்து வைத்தேன். சேலை மடிக்கத் தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கைகொடுக்கவில்லை.