படம் போன டிவி

பிரிக்ஃபீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள இராஜம்மாவுக்கு,

சபாபதி எழுதுவது. இங்கே நான் சுகம். நீ ஊறுகாய் போட்டு வைத்துவிட்டுப் போனதால் சோறும் சுகம். அங்கே நீயும் பிரியாவும் மருமகன் குருவும், பிறந்து பதினெட்டு நாளான நம் பேத்தியும் நன்றாயிருக்க வேண்டும் என்று கந்தசாமி கோவிலில் சொல்லிவிட்டு வந்தேன்.

தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஜொகூர் பாருவில் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நான் இருமினால் சம்பந்தியம்மா மருந்து சொல்கிறார். இது உனக்கு மட்டும் சொல்ல வேண்டிய விஷயம். அதனால்தான் பழைய பிரெய்ல் பலகையையும் ஊசியையும் தேடி எடுத்து, கெட்டித் தாளில் புள்ளி குத்திக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் இதைத் தடவிப் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். கல்யாணமான புதிதில், இந்தியாவிலிருந்து வரவழைத்த புத்தகத்தை வைத்து இருவரும் தமிழ்ப் புள்ளிகளைப் படித்தோமே. கொஞ்சம் கண் தெரிகிற உனக்கு இது எதற்கு என்று கேட்டேன். "நீங்க எழுதுனா நான்தானே படிக்கணும்" என்றாய்.

விஷயம் நம் டிவிதான். நீ போன மறு வாரமே சத்தம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. பிரியாவிடம் சொன்னேன், குரு போனை வாங்கிக்கொண்டார். அதை ரிப்பேர் செய்ய வேண்டாமாம். மலிவாக ஒரு கம்ப்யூட்டர் மானிட்டர் பார்த்து வைத்திருக்கிறாராம், இருபத்துநாலு இஞ்சு. அத்தை மேசையில் முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ளலாம், கண்ணைச் சுருக்கிச் சிரமப்பட வேண்டாம் என்றார். நல்ல பிள்ளை. சலுகை வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதாம். ஆனால் அதில் ஸ்பீக்கர் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். படம் மட்டும் வருகிற சாமான் எனக்குச் சுவர் மாதிரிதான் மருமகனே என்றேன். சிரித்தார்.

எனக்கோ பழையதை விட மனமில்லை. பிரியா முதல் சம்பளத்தில் வாங்கியது. அதற்கு முன்னால், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அந்தத் தடியன் டிவி காலத்திலிருந்தே நமக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மசாஜ் கடையிலிருந்து வந்து நான் குளித்ததும், திரைக்கு ஒரு முழம் தள்ளி நீ ஸ்டூல் போட்டு உட்காருவாய். நான் உன் முதுகுக்குப் பின்னால். சீரியலில் அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கும், பேசாததை நான் சொல்கிறேன் என்பாய். மாமியார் முறைக்கிறாள். அந்தப் பெண் கிளிப்பச்சைப் புடவை, அதற்குப் போய் ஊதா ரவிக்கை. பிறவியிலிருந்தே கண் தெரியாத எனக்குப் பச்சை என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் அதில் எத்தனை வகை என்று தெரியும். முப்பத்தோரு வருடம் நான் பார்த்ததெல்லாம் உன் வாய் வழியாகத்தான். அதைவிடச் சந்தோஷமான நேரம் எனக்கு வாழ்க்கையில் இருந்ததில்லை.

போன வியாழக்கிழமை, எதிர் வரிசையில் டிவி பழுது பார்க்கிற யுகேந்திரனைக் கூப்பிட்டேன். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தான். "சவுண்ட் சின்ன வேலை அங்கிள். பிக்சர்தான் சுத்தமா போச்சி லா, உள்ள லைட்டே எரியல" என்றான். எப்போது போனது என்று கேட்டேன். அதை எப்படிச் சொல்வது என்றான். அந்த நேரம் அடுத்த வீட்டு மாரியாயி அக்கா கறிவேப்பிலை கொடுக்க வந்து நின்றார். "தீபாவளிக்குப் பலகாரம் கொண்டாந்தப்பவே கறுப்பாத்தானே கெடந்துச்சி. நீங்க ரெண்டு பேரும் சத்தத்துக்கு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

தீபாவளிக்குப் பிறகு தைப்பூசம் வந்தது, இராஜம்மா. பத்துமலையிலிருந்து டிவியில் காட்டியதை நீ எனக்குக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாய். மயிலிறகு வைத்த பெரிய காவடி. மஞ்சள் சேலைக்காரி. படியில் தடுமாறி, போலீஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்ட ஒரு பெரியவர். நான் சிரிக்கக்கூடச் செய்தேன்.

டிவிதான் போயிருக்கிறது, உன் கண் இல்லை என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெளியே போனால் எப்போதும் நான்தான் உன் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். இந்த ஆறு மாதமாக நீ என்னுடையதைப் பிடித்தாய், முட்டிவலி என்றாய். கண் டாக்டரிடம் போவதை இரண்டு தடவை தள்ளிப் போட்டாய். காப்பியில் உப்பு விழுந்த அன்று என் மேலேயே எரிந்து விழுந்தாய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இல்லாத படத்தைச் சொன்னதற்காக இல்லை. கண் தெரியாதவனிடம்கூட, எனக்கும் தெரியவில்லை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையே. எனக்குப் படம் நின்றுபோகும் என்று பயந்தாய். இப்போது பேத்தியைக் கையில் தர மாட்டார்கள் என்று பயப்படுகிறாய். இரண்டும் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபம் ஒரு பகல்கூடத் தாங்கவில்லை, அழுகையாகிவிட்டது.

ஆன்டிக்குப் பிக்சர் வேண்டுமே, பழைய மாடல் என்றாலும் தேடிப் போட்டுத் தருகிறேன் என்றான் யுகேந்திரன். சத்தத்தை மட்டும் சரி செய்யச் சொல்லி அனுப்பிவிட்டேன். குருவுக்கு என்ன பதில் சொல்வது? மானிட்டர் வேண்டாம் என்றால் ஏன் என்பார். வாங்குங்கள் என்றால், நீ அதன் முன்னால் உட்கார்ந்து காலமெல்லாம் நடிக்க வேண்டும். நீ சொல்லாமல் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயம் என்னை உட்காரவிடவில்லை. வருகிற திங்கட்கிழமை சம்பந்தியம்மா ஊருக்குப் போகிறார், குரு வேலைக்குத் திரும்புகிறார், இனிமேல் அம்மாதான் குழந்தையைக் குளிப்பாட்டுவாள் என்றாள் பிரியா. குளிப்பாட்டாதே என்று நான் சொல்லவில்லை. பிரியாவைக் குளிப்பாட்டியவன் நான். வெந்நீரை முழங்கையால் பார்ப்பது, ஒரு கையைப் பிள்ளையின் அக்குளிலிருந்து எடுக்காமலே சோப்புப் போடுவது எல்லாம் உனக்குச் சொல்லித் தருகிறேன். கண் இல்லாமல் செய்கிற வேலையில் நான் உனக்கு அறுபது வருட சீனியர். தெரிகிற மாதிரி பாவனை செய்துகொண்டு மட்டும் பச்சைப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதே. அதற்கு முன்னால் பிரியாவிடம் சொல்லிவிடு. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் நான் வரும்வரை பொறு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நிறம் மாநிறம், கண் அப்படியே பிரியா, முடி அடர்த்தி என்று கடகடவென்று சொன்னாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "காது மட்டும் உங்களுது. மடல் நுனியில சின்னதா ஒரு மடிப்பு" என்றாய். முன்னால் சொன்னதெல்லாம் யாரோ உனக்குச் சொன்னது. காது மட்டும் நீயே தடவிப் பார்த்தது. அந்தக் காது எனக்குப் போதும், இராஜம்மா.

உன்,
சபாபதி