கழித்தல் குறியும் நீ போட்ட கோடும்

வாலுப் பெண்ணுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நீ சௌக்கியமில்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டதால் அதைக் கேட்டு இடத்தை வீணாக்கவில்லை. 'எனக்குக் கணக்கு வராதுப்பா, இந்த ஹாஸ்டலும் வேணாம், மறுதேர்வுக்கு முன்னாடி வந்து கூட்டிட்டுப் போயிடு' என்று எழுதி, சாட்சிக்குச் சிவப்பு மையால் அடித்த வீட்டுப்பாடத் தாளையும் வைத்திருந்தாய். அம்மா படித்த கையோடு, 'பொண்ணைவிடக் கணக்கா பெருசு, கிளம்புங்க' என்றாள். தாளைப் பார்க்காமல் கிளம்ப மாட்டேன் என்றேன். 'லிஃப்ட் ரிப்பேர் பாக்குற மாதிரியே பெத்த பொண்ணையும் பாக்குறீங்களே' என்று ஒரு போடு போட்டாள். வேறு எப்படிப் பார்ப்பது? எனக்குத் தெரிந்தது அதுதான்.

கதவு மூடவில்லை, மாடி மாறி நிற்கிறது, விளக்கு அணைகிறது என்று லிஃப்ட்டைப் பற்றி ஆளாளுக்கு ஒரு புகார் சொல்வார்கள், போய்த் திறந்தால் ஒரே ஒரு ஒயர் லூஸாக இருக்கும். உன் தாளும் அதே கதை. தப்பான கணக்குகளை வரிசையாகப் பார்த்தேன், எல்லாம் ஒரே இடத்தில்தான் உதைக்கிறது. அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் குறி நின்றால் உள்ளே இருக்கிற எல்லாவற்றின் குறியும் மாறவேண்டும். நீ முதல் ஆளை மட்டும் மாற்றிவிட்டு அடுத்தவனைத் தப்பிக்க விடுகிறாய். 80 − (x − 10) என்பதை 80 − x − 10 என்று பிரித்திருக்கிறாய். அவ்வளவுதான் உன் நோய். இதற்குப் போய் அழுதாயாக்கும்.

இனிமேல்தான் விஷயமே. அந்தக் கடைசிக் கணக்கு: இரண்டு இணைகோடுகள், நடுவில் முழங்கை மாதிரி மடங்கிய ஒரு கோடு, மடிப்பில் 80 பாகை, இரண்டு முனைகளில் x − 10, 2x பாகை, x கண்டுபிடி. நான் ஒரு பக்கத்தை நீட்டி, முக்கோணமாக்கி, மூக்கைச் சுற்றிவளைத்துத் தொட்டேன். நீ மடிப்பு வழியாக மூன்றாவதாக ஓர் இணைகோடு போட்டு அந்த 80-ஐ இரண்டாக உடைத்துவிட்டாய். அந்தக் கோடு கேள்வியில் இல்லை, போடு என்று யாரும் சொல்லவும் இல்லை. பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். விடை 23 சொச்சம் என்று தப்பாக வந்ததும் அந்தப் பாழாய்ப்போன கழித்தல் குறியால்தான், கோட்டில் ஒரு குற்றமும் இல்லை. தாளை வேலைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். எங்கள் இன்ஜினியர் உற்றுப் பார்த்துவிட்டு, 'உனக்கு எப்படிய்யா இப்படி ஒரு பொண்ணு' என்றார். சாயங்காலம், 'வர்றவன் போறவன்கிட்டெல்லாம் நீட்டாதய்யா, கிழிஞ்சிரும்' என்றார். அம்மாவுக்கும் விளக்கினேன், பாதி புரிந்ததாம். 'அவ கெட்டிக்காரின்னு நான் எப்பவோ சொன்னேனே' என்கிறாள். எப்போது சொன்னாளோ!

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். வழுக்கிய இடங்களில் பென்சிலால் வட்டம் மட்டும் போட்டிருக்கிறேன், விடை எழுதவில்லை, அது உன் வேலை. வந்த விடையைக் கேள்வியில் வைத்துப் பார்க்காமல் எழுந்திருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்கவேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேரின் ஆசியும். மறுதேர்வை எழுதிவிடு. அதற்கப்புறமும் வீட்டுக்கு வரத் தோன்றினால் ஒரு வரி போடு, ஏன் எதற்கு என்று கேட்காமல் வந்து அழைத்துப்போகிறேன். கணக்கு வராது என்ற காரணத்தை மட்டும் என்னிடம் சொல்லாதே. அது தப்பான விடை.

உன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும்
அப்பா