மூன்று கால் கொக்கு

கிர்மான், ஹிஜ்ரி 1066, ரஜப் 4

வெட்கக்கேடு. எனக்குச் சீன எழுத்து வாசிக்கத் தெரியும் என்று அளந்துவிட்டேன். பந்தர் துறைமுகத்திலிருந்து வந்த பறங்கி வியாபாரி ஒரு சீனத் தட்டைத் திருப்பிக் காட்டி, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்றார். "நீண்ட ஆயுள்" என்றேன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். சீனத்தில் சண்டையாம், சரக்கு வருவதில்லையாம். அதே மாதிரி நீலத் தட்டு செய்து காட்டும் பட்டறைக்கு இந்த வருஷத்து வேலை முழுவதும். போட்டியில் இரண்டே பேர்: நான், எதிர்ப்பட்டறை தஹ்மூரஸ். போதாததற்கு அவன் என் மனைவி ஸர்வினாஸின் அண்ணன்.

ரஜப் 9

வியாபாரி விட்டுப்போன மாதிரித் தட்டில் ஒரு கொக்கு. மூன்று கால்! சீனன் சும்மா வரைவானா? ஏதோ தத்துவம் இருக்கிறது. நான் போட்டால் அந்த மூன்றாவது கால் மட்டும் விறகாக நிற்கிறது.

ரஜப் 13

"கொக்கா மாப்ளே இது? முக்காலி! உக்காந்து பாத்தியா, தாங்குதா?" — தஹ்மூரஸ். அவன் மூஞ்சி.

ரஜப் 17

சூளை பிரித்தோம். நீலம் கசிந்து கொக்கு கோழியாகிவிட்டது. ஒன்றும் சாப்பிடவில்லை. ரொட்டி மட்டும். சரி, பேரீச்சையும்.

ரஜப் 22

வியாபாரி மாதிரியையும் என் தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க உஸ்தாத். அது சீனாக்காரன் கை. உங்களுக்கு வராது."

வராதாம்! எனக்கு! இத்தனை வருஷமா வேற என்னய்யா கிழிச்சிட்டிருந்தேன்?

வேலை தஹ்மூரஸுக்கு. மாதிரித் தட்டையும் அவனிடமே கொடுத்துவிட வேண்டுமாம்.

ரஜப் 23

கொடுத்தனுப்பத் துடைத்துக்கொண்டிருந்த ஸர்வினாஸ் குபீரென்று சிரித்தாள்.

"ஏங்க, பூனை உங்க மடியில குதிச்ச அன்னிக்கு வரைஞ்ச தட்டுல்ல இது? தூரிகை வழுக்கி ஒரு கோடு இழுத்திருச்சு. 'போகட்டும், இன்னொரு காலாக்கிடுவோம்'னீங்க. பந்தருக்குப் போன சரக்கோட போச்சே!"

அடியைத் திருப்பினேன். நீண்ட ஆயுள்! தூரிகை நுனி சரியா என்று பார்க்க நான் கிறுக்குகிற அதே கிறுக்கல்.

"வியாபாரிகிட்ட சொல்லிருங்க" என்றாள்.

எப்படிச் சொல்வது? மாதிரியே கிர்மான் சரக்கென்றால் மனுஷன் அப்படியே ஓடிவிடுவார். வேலை எனக்கும் இல்லை, அவள் அண்ணனுக்கும் இல்லை. தட்டு எதிர்ப்பட்டறைக்குப் போயிற்று.

ஷஅபான் 26

தஹ்மூரஸின் தட்டுகள் ஒட்டகம் ஏறின. எல்லாக் கொக்குக்கும் மூன்று கால். அச்சு அசல் சீனமாம்.

"அந்தச் சீனாக்காரன் மட்டும் கெடச்சா, அவன் கையில முத்தம் குடுப்பேன் மாப்ளே" என்றான்.

கையை நீட்டினேன். குலுக்கிவிட்டுப் போனான்.