வேதமாணிக்கம் வீட்டு மாடியில் காய்ந்த அரிசி

இராயபுரம்,
1951 மே மாதம்

என் கண்ணான ஞானசெல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், இந்த வாரம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகம், அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கட்டாக்கில் வெயில் எப்படி, மோருக்கு வழி உண்டா, நீ வளர்க்கிற வண்டுகள் எல்லாம் சௌக்கியமா? சிரிக்காதே, உன் வண்டுகளை இனி மரியாதையாகத்தான் விசாரிப்பேன், அவை எனக்குச் செய்த உதவியை என் கூடப்பிறந்தவர்கள்கூடச் செய்ததில்லை.

ரேஷன் கடை வேதமாணிக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நான் மறக்கவில்லை, சாகும்வரை மறக்கிற உத்தேசமும் இல்லை. தன் அக்காள் மகனுக்கு உன்னைக் கேட்டு வந்தவன், அரிசி தின்கிற வண்டுகளைப் பற்றிப் படிக்க நீ நெல்லாராய்ச்சிப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறாய் என்று தெரிந்ததும், "வண்டு பொறுக்குத பிள்ள நம்ம குடும்பத்துக்கு ஆகாது மயினி, அவளுக்கு ஒரு வண்டாப் பாத்துக் கட்டி வைங்க" என்று கோவில் வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னானே. அந்தப் பையனும் மாமன் முதுகுக்குப் பின்னால் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ அழாமல் ரயில் ஏறினாய். உனக்கும் சேர்த்து நான் அழுதேன், அழுது முடித்ததும் காத்திருக்க ஆரம்பித்தேன்.

இந்த வருஷம் மழை பொய்த்து அரிசி அளவைக் குறைத்துவிட்டார்கள், அந்தக் குறைந்த அளவையும் இவன் கொடுப்பதில்லை. கார்டை நீட்டினால் "அரிசி வரல, மைலோச் சோளம் கெடக்கு, வேணும்னா வாங்குங்க" என்பான். மைலோ தின்று தின்று தன் வீட்டுக்காரர் குதிரை மாதிரிக் கனைக்கிறார் என்று பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவி சொல்லிச் சிரிப்பாள், ஆனால் அவள் குழந்தை வயிற்றுப்போக்கில் கிடந்தபோது கஞ்சிக்குக் கைப்பிடி அரிசி கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பினாள், அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அப்படிப்பட்டவன் போன மாதம் நம் வாசலில் வந்து நிற்கிறான், வாயெல்லாம் பல். "ஞானம் படிக்கது நல்ல படிப்புல்லா மயினி" என்று ஆரம்பித்து, வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்த ஒரே ஒரு மூட்டையில் வண்டு விழுந்துவிட்டது, பிள்ளை இதற்கு என்ன வைத்தியம் சொல்லும் என்று கேட்டான். ஒரு மூட்டைக்கா ஒரு மனிதனுக்கு அப்படி வேர்க்கும்? சட்டைக் காலரிலேயே ஒரு வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இரண்டு வழி சொன்னாயே, அறையைக் காற்றுப் புகாமல் அடைத்து மருந்துப் புகை போடுவது ஒன்று, விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி நல்ல வெயிலில் காயவிட்டுப் புடைப்பது ஒன்று. நான் வெயிலை மட்டும் சொன்னேன். புகையை அவன் கேட்கவில்லை, நான் ஏன் சொல்ல வேண்டும்? புகை போட்டிருந்தால் கதவுக்குள்ளேயே காரியம் முடிந்து, பதுக்கிய ரேஷன் அரிசி அத்தனையும் கள்ள விலைக்குப் போயிருக்கும். "கனமாப் பரப்பினா வண்டு அடியில போய் ஒளிஞ்சிக்கும் அண்ணாச்சி, தாராளமாப் பரப்புங்க" என்று ரொம்ப அக்கறையாகச் சொல்லி அனுப்பினேன்.

பரப்பினான். கடைக்கு மேலே அவன் வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி, அது முழுக்கப் பரப்பி, சுற்றிலும் கோணி கட்டி மறைத்தான். தெருவுக்கு மறைத்தவன் ஆகாயத்துக்கு மறைக்கவில்லை. துறைமுகத்தில் தானியக் கப்பல் வராமல் பசியோடு சுற்றிய புறாக்கள் அத்தனையும் அவன் தலைக்கு மேல் வட்டமடித்தன. கீழே வரிசையில் நின்ற காத்தூன் அண்ணாந்து பார்த்து, "இன்னாக்கா, அந்தூட்டு மாடில புறாவுக்கு இன்னா விருந்து போட்டுகினு கீறாங்க?" என்று கத்தினாள். அவ்வளவுதான், கார்டும் பையுமாக வரிசை அப்படியே படியேறிவிட்டது. யாரோ ஓடிப்போய்ச் சொல்லி ரேஷன் அதிகாரி வந்தபோது இவன் துடைப்பத்தால் புறா விரட்டிக்கொண்டிருந்தான், கீழே படுக்கை அறை முழுக்க மூட்டை, கட்டில் போட்டுப் படுக்க இடமில்லாமல் மூட்டைமேலேயே படுத்திருக்கிறான். கடையை அவனிடமிருந்து பிடுங்கி, அரிசியைக் கட்டுப்பாட்டு விலைக்கு எங்களுக்கே விற்றார்கள். "நாட்டு அரிசிய நாலு கால் எலி தின்னுது, ஆறு கால் வண்டு தின்னுதுன்னு ஞானம் சொல்லுச்சே, ரெண்டு கால் பூச்சிய அந்தப் பண்ணையில சேத்துக்கலயா?" என்று உன் அப்பா கேட்கச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அவன் பெண்சாதி ஜெயக்கொடி தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூவோடு வந்தாள், பையன் உன் நினைவாகவே இளைத்துவிட்டானாம். நான் பூவைக் காத்தூனுக்குக் கொடுத்தேன். அரிசி புடைத்தபோது விழுந்த வண்டுகளைக் கோழிக்கு வைத்திருந்தேன், அவற்றைத் தாம்பாளத்தில் குவித்து, "அண்ணாச்சி சொன்னபடியே வண்டாப் பாத்துட்டோம், இவங்க மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க, கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்று கையில் கொடுத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு காத்தூன் உள்ளே ஓடிவிட்டாள்.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. அவர்களுக்கு வேண்டியது நீ இல்லை, உன் கையெழுத்து. வழக்கு வருகிறது, அது கெட்டுப்போன அரிசி, மாட்டுத் தீவனத்துக்கு வைத்திருந்தேன் என்று சொல்லப்போகிறான், வண்டு விழுந்த அரிசி மனுஷர் தின்ன லாயக்கில்லை என்று நீ பண்ணையிலிருந்து எழுதிக் கொடுத்தால் தப்பித்துவிடுவான். உன் விலாசம் வாங்கிவிட்டான், பையனும் தேனாக எழுதுவான். நீ இளகின மனசுக்காரி, அதுதான் எனக்குப் பயம். கடை மறுபடி அவன் கைக்கு வந்தால் மறுபடி மைலோ, மறுபடி காத்தூன் வெறுங்கை. நான் உன்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. புடைத்துக் களைந்து வடித்தேன், பூ மாதிரிச் சோறு, தெருவே தின்றது, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நல்ல அரிசி என்று எழுது. அந்தப் பையன்மேல் இன்னும் ஆசை இருந்தால் அதை எனக்குத் தனியாக எழுது, திட்டுவேன், ஆனாலும் கேட்டுக்கொள்வேன், இரண்டையும் முடிச்சுப் போடாதே.

கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதித்து, போக்கிலும் வரத்திலும் உன்னைக் காப்பாராக. இதைக் கண்டதும் பதில் போடு, அவன் கடிதத்துக்கு முன்னால் என் கடிதத்துக்கு. போன ஞாயிறு பாதிரியார், பகைவரை மன்னிக்க வேண்டும் என்று என்னையே பார்த்துப் பிரசங்கம் செய்தார். மன்னிக்கத்தான் போகிறேன், தீர்ப்பு வந்த மறுநாள் காலையில்.

இப்படிக்கு
உன் அம்மா
தேவப்பிரியம்