மடுவுக்குப் போகாத சைக்கிள்

அப்பா,

இன்று காலை மன்னார் பஸ் நிலையத்தடியில் ஒருவர் சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சொலூசன் பசையின் மணம் மூக்கில் ஏறியதும், கந்தோருக்கு வேலைக்கு நடக்க வேண்டியவள் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் உடுத்த சாரங்களில் கடைசிக் காலத்தில் அந்த மணம்தான் இருந்தது. மீன் மணத்துக்கு இது பரவாயில்லை என்று அம்மா பகிடி பண்ணுவார்.

தம்பியின் படகு எஞ்சின் பழுதாகி வாடைக் காற்றில் இழுபட்டுப் போனபோது, எங்கள் பேசாலைக் கோயிலில் ஊரே கேட்க நேர்த்தி வைத்தீர்கள். "மாதாவே, என்ர பிள்ளை உயிரோட வந்தா, ஆவணித் திருநாளுக்கு மடுக் கோயிலுக்கு என்ர காலால சைக்கிள் ஓடி வருவன்." அவன் வந்தான். உதடு வெடித்து, பேச்சு வராமல், ஆனால் வந்தான். அவன் தேறி எழும்புவதற்குள் பாரிசவாதம் உங்கள் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. மகனைத் தந்துவிட்டுத் தகப்பனின் காலை வாங்கிக்கொண்டாரே என்று எனக்கு மாதாவோடு கோபம். அது இன்னும் முழுதாக ஆறவில்லை.

பங்குச் சுவாமி வீடு தேடி வந்தார். "ஏலாத உடம்பு. பஸ்ஸில போய் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ, காணும்" என்றார். நீங்கள் கோணிய வாயைத் திருத்தித் திருத்திச் சொன்னீர்கள்: "கால் எண்டு சொல்லித்தான் சுவாமி பிள்ளையைக் கேட்டனான். இப்ப திரி எண்டு மாத்தேலாது." உங்கள் பிடிவாதம் ஊருக்கே தெரிந்ததுதானே.

மீசை முளைக்குமுன் பழகிய சைக்கிளை மறுபடி முதலில் இருந்து தொடங்கினீர்கள். கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், வெயில் தாழ்ந்த பிறகு. ஹாண்டிலைத் தம்பி பிடிப்பான். கரியரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன். அம்மா முன்னால் நடந்து வழி விலக்குவார். "இஞ்சாருங்கோ, கலியாணம் முடிச்ச புதுசில என்னைக் கரியரில வச்சு ஓடின ஆள்தானே, மறந்துபோச்சோ?" என்று கேட்டார். "அப்ப நீ பாரமில்லை" என்றீர்கள். அன்று எல்லாரும் சிரித்தோம். பிறகு அவ்வளவு சிரிக்கவில்லை.

இடது கால் பெடலில் நிற்கவேயில்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. தம்பி ஓடிப்போய் வலைக் கயிறு எடுத்துவந்து காலைப் பெடலோடு கட்டினான். கடலில் கட்டிப் பழகிய கை, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சைத்தான் போட்டது. கொஞ்சத் தூரம் போயிருப்பீர்கள், கழுதையொன்று குறுக்கே வந்தது. சைக்கிளோடு சரிந்தீர்கள். காலை இழுத்தோம், முடிச்சு இன்னும் இறுகியது. அம்மா கத்தி கொண்டுவந்து அறுப்பதற்குள் கணுக்கால் கன்றிப்போயிருந்தது. தம்பி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "எனக்காக நேர்ந்த மனுசனை என்ர கையாலயே விழுத்திப்போட்டன்." நீங்கள் மண்ணில் கிடந்தபடியே சொன்னீர்கள்: "அழாதயடா. முடிச்சில பிழையில்லை. கட்டின இடம்தான் பிழை."

அம்மா இனிச் சைக்கிளே வேண்டாம் என்றார். நீங்கள் கேட்கவில்லை. பழைய டியூப்பை வெட்டி, சொலூசன் பூசி, கால் போய் வரக்கூடிய வளையமொன்றை ஒட்டிப் பெடலில் மாட்டினீர்கள். அது அறுந்தால் இன்னொன்று. ஆடி மாதத்தில் ஒருநாள் "கையை எடு பிள்ளை" என்றீர்கள். எடுத்தேன். கோயில் வாசல்வரை தனியே ஓடித் திரும்பி வந்தீர்கள். முகத்தில் சிரிப்பில்லை, வேர்வைதான். "மன்னார்ப் பாலத்தைத் தாண்டினாச் சரி. அங்கால மாதா தள்ளுவா" என்றீர்கள்.

மடுத் திருநாளுக்குக் கொடியேறுமுன் இரண்டாவது முறை வாதம் வந்தது. நீங்கள் எழும்பவில்லை.

"சைக்கிளோட மல்லுக்கட்டித்தான் மனுசன் போனது" என்றது ஊர் வாய். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பழக்கம்தான் உங்களை அத்தனை மாதம் வைத்திருந்ததா, இல்லைக் கொண்டுபோனதா? எனக்குத் தெரியவில்லை அப்பா. பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் அதைத்தான் நினைக்கிறேன்.

தம்பி மறுபடி கடலுக்குப் போகிறான். அவன் வரப் பிந்தினால் அம்மா கடலைப் பார்ப்பதில்லை, சுவரோடு சாத்தியிருக்கும் உங்கள் சைக்கிளைத்தான் பார்க்கிறார். "கடன் நிக்குது பிள்ளை. குடுத்ததை மாதா திருப்பி எடுத்துப்போடுவாவோ?" என்று கேட்கிறார். "நேர்ந்த ஆளோட நேர்த்தியும் போச்சுதம்மா" என்று நான் பெரிய நியாயம் பேசுவேன்.

போன கிழமை சோளகக் காற்று கடுமையாக வீசியது. மற்றப் படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன, அவனுடையதைக் காணவில்லை. அம்மாவை வீட்டில் இருத்திவிட்டு நான் கரைக்குப் போனேன். நியாயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "மாதாவே, அவனை விட்டிடுங்கோ. அப்பா வச்ச கடனை நான் ஓடித் தீர்க்கிறன்" என்று வாய்விட்டே சொன்னேன். பொழுது சாயுமுன் வந்துவிட்டான். வலை கல்லில் மாட்டிக்கொண்டதாம். "ஏன் இஞ்ச நிக்கிறாய் அக்கா?" என்று சிரித்தான். நான் வலையின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டேன்.

அடுத்த ஆவணியும் கிட்டிவிட்டது. உங்கள் நேர்த்தி இப்போது என் தலையில் இருக்கிறது. எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, அப்பா. கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடத்தான் தெரியும்.